மெசினுக்குள் எது, கிணற்றடியில் எது?

வெளிநாட்டுக் காசில் எழும்புகிற வீடுகளில் முதலில் மாறுவது குசினிதான். எங்கள் பேசாலைப் பக்கத்திலும் அப்படியே. விறகடுப்பு பின்கோடிக்குப் போனது. காஸ் அடுப்பு வந்தது, மைக்ரோவேவ் வந்தது. இப்போது ஒன்றிரண்டு வீடுகளில் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில், சின்ன அலுமாரி போல, பாத்திரம் கழுவும் மெசினும் வந்து நிற்கிறது. டிஷ்வோஷர் என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். மெசினோடு வருகிற புத்தகத்தில் கண்ணாடிக் கிளாஸ், பீங்கான், முள்ளுக்கரண்டி என்று படம் போட்டிருக்கிறார்கள். நீத்துப்பெட்டியையும் மண்சட்டியையும் திருவலையையும் அந்தப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை.

என் தங்கச்சியின் மகள் ரொரன்ரோவில் பிறந்தவள். 2024இல் அம்மாவின் காணியில் வீடு கட்டி முடித்து, கொழும்பில் ஒரு மெசினும் வாங்கி இறக்கினாள். "பெரியம்மா, இனி அம்மம்மா குந்தியிருந்து சட்டி தேய்க்கத் தேவையில்லை" என்றாள். அவளுடைய எண்ணத்தில் நான் குறை காணவில்லை. அம்மாவுக்கு எண்பத்திநாலு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கிணற்றடிக் கல்லில் கையை ஊன்றித்தான் எழும்புவா. ஆனாலும் தன் சட்டியைத் தானே கழுவினால்தான் அவவுக்கு மனம் ஆறும்.

இந்த மெசினை உருப்படியாகச் செய்துகாட்டியவர் ஒரு பெண் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியாது. அமெரிக்காவில் ஜோசபின் கொக்ரேன் என்ற பெண்மணி. அவருடைய விலையுயர்ந்த பீங்கான்கள் கழுவும்போது விளிம்பு உடைந்து உடைந்து போனதால் வந்த யோசனை அது. கணவர் 1883இல் கடனை வைத்துவிட்டு இறந்துபோக, அந்த யோசனையையே பிழைப்பாக்கிக் கொண்டார். 1886இல் காப்புரிமை பெற்றார். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் வைத்தார். முதலில் வாங்கியவை பெரும்பாலும் ஹோட்டல்கள்தான். சாதாரண வீடுகளில் அவ்வளவு சுடுதண்ணீருக்கு அன்று வழியில்லை. ஆக, பீங்கான் கோப்பைக்காகவே பிறந்த மெசின் இது. எங்கள் சட்டிபானைகளை மனதில் வைத்து யாரும் இதைச் செய்யவில்லை.

ஒரு நாள் நான் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளை அந்த நேரத்தில் குசினியில் கண்ட எல்லாவற்றையும் மெசினுக்குள் அடுக்கிவிட்டாள், அம்மாவின் அலுமினியச் சருவச்சட்டி உட்பட.

அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். 1990இல் நாங்கள் இரவோடு இரவாகப் படகேறி இராமேஸ்வரம் போனபோது அம்மா கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று. அதற்குள் கொஞ்ச அரிசியும், துணியில் முடிந்த கருவாடும், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. மண்டபம் முகாமில் அதில்தான் சோறு. சோறு முடிந்தால் தண்ணீர் பிடித்து வைப்பதும் அதில்தான். தங்கச்சியைக் குளிப்பாட்டியதும் அதில்தான். 1994இல் திரும்பி வந்தபோதும் அம்மாவின் மடியில் இருந்தே வந்தது. அடியில் இரண்டு நெளிவு உண்டு. எந்த நெளிவு எங்கே விழுந்தது என்று அம்மாவுக்குத் தெரியும்.

மெசினைத் திறந்தபோது சட்டி கறுத்திருந்தது. விரலால் தொட்டால் கரி போல ஒட்டியது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. அதுதான் கூடக் கஷ்டம்.

நடந்தது இதுதான். கையால் கழுவும்போது அழுக்கை எடுப்பது தேய்ப்பு. மெசினுக்குள் தேய்ப்பு என்பதே கிடையாது. சுழலும் குழாய்களிலிருந்து ஐம்பது முதல் எழுபது பாகை வரை சூடான தண்ணீர் விசிறி அடிக்கும். கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு. அதோடு சேர்ந்து வேலை செய்கிற தூளோ வில்லையோ எங்கள் கைச்சவர்க்காரம் மாதிரியானதல்ல. காரத்தன்மை மிகக் கூடியது. அலுமினியத்தின் மேலே இயற்கையாகவே ஒரு மெல்லிய படை இருக்கும். அதுதான் அதற்குக் கவசம். காரம் அந்தப் படையை அரித்துவிட, உள்ளிருக்கும் உலோகம் கறுத்துப்போகும். கேத்தில், புட்டுக்குழல், அலுமினிய இடியப்ப உரல், பழைய பிரஷர் குக்கர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

அம்மா அடுத்த நாள் சட்டி நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு கைபிடி பழப்புளி கரைத்து, அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டா. அரை மணித்தியாலத்தில் கறுப்பு பெரும்பாலும் விட்டுவிட்டது. புளியில் உள்ள தாத்தாரிக் அமிலத்தின் வேலை அது. மேலைநாட்டுப் பெண்கள் அலுமினியம் வெளுக்கப் பாவிக்கிற கிறீம் ஒஃப் தாத்தார் என்ற தூளும் அதே அமிலத்தின் உப்புத்தான். இதையெல்லாம் படிக்காமலே அம்மா செய்தா. புளி அலுமினியத்தை அப்படிக் கரைக்கும் என்றால், புளிவிட்ட மீன்குழம்பை அலுமினியச் சட்டியில் வைத்து இரவு முழுக்க மூடிவைக்கிற பழக்கத்தையும் நாங்கள் யோசிக்க வேண்டும், சகோதரிகளே. குழம்புக்கு மண்சட்டி இருக்கிறது. முந்தின சனம் சும்மா வைத்திருக்கவில்லை.

மண்சட்டியை மெசினுக்குள் வைக்கவே கூடாது. மினுக்கம் பூசாத மண் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரை உறிஞ்சினால் அதில் கரைந்த மருந்தையும் உறிஞ்சும். பிறகு அதில் கறி வைக்கும்போது சூட்டில் அது கறிக்குள் இறங்கும். வெடிப்பு விழுவது வேறு. கைச்சவர்க்காரம்கூட மண்சட்டிக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். சுடுதண்ணீரும் தும்பும் கொஞ்சம் சாம்பலும் போதும். கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தால் மணமும் போய்விடும்.

மரமும் அப்படியே. சிரட்டை அகப்பையின் காம்பு கழன்றுவிடும். மர இடியப்ப உரல் ஊறிப் பருத்து, பிறகு காய்ந்து பிளந்துவிடும். நீத்துப்பெட்டி, சுளகு, ஓலைப்பெட்டி பற்றிச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் பிள்ளை நீத்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து "இது எந்தத் தட்டில், பெரியம்மா?" என்று கேட்டபிறகு சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பனையோலைச் சாமானைச் சற்று நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, பின்னலுக்குள் ஒட்டிய மாவைத் தும்பால் தட்டி எடுத்து, நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலுக்கு மன்னாரில் என்ன பஞ்சம்!

மீன் வெட்டுகிற கத்தி, அரிவாள், தோசைக்கல், இரும்புத் தாச்சி இவை துருப்பிடிக்கும். தோசைக்கல் எண்ணெய் குடித்துக் குடித்துப் பழகிய கல். ஒரு முறை மெசினுக்குள் போனால் அந்தப் பழக்கம் முழுக்கக் கழுவப்பட்டு, அடுத்த தோசை கல்லைவிட்டு வராது. பித்தளை மூக்குப்பேணியும் செம்பும் மங்கிப்போகும். அவற்றுக்கும் புளிதான் மருந்து. பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்குக் கொடுத்த வெள்ளிக் கிண்ணம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் வெளியே வையுங்கள். ஈரத்தில் வெள்ளியும் எவர்சில்வரும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தால் வெள்ளியில் கறையும் புள்ளியும் விழும். சுடுதண்ணீர்ப் பிளாஸ்க், பிரஷர் குக்கரின் வாசர், விசில், பொன் விளிம்பு போட்ட கலியாணப் பீங்கான் இவையும் கைக்குத்தான்.

மெலமைன் கோப்பைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பூப்போட்ட அந்தக் கோப்பை இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. விழுந்தால் உடையாது என்பதால் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் அதில்தான். அடியைத் திருப்பிப் பாருங்கள். கோப்பையும் தண்ணீர்த்துளியும் சேர்ந்த அடையாளம் இருந்தால் மேல்தட்டில் வைக்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் வைக்காதீர்கள். மெருகு போய்ச் சொரசொரத்த கோப்பை, கீறல் விழுந்த கோப்பை என்றால் மெசினும் வேண்டாம், சூடான புளிக்கறியும் வேண்டாம். சூடும் புளிப்பும் சேர்ந்தால் அந்தப் பொருளிலிருந்து மெலமைனும் ஃபோமல்டிஹைட்டும் சாப்பாட்டுக்குள் இறங்குவது கூடும். அப்படியானதைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் பாவிக்கலாம். ஐஸ்கிறீம் பெட்டியும் யோகட் கோப்பையும் ஒரு தடவை பாவித்து எறியவே செய்தவை. எங்கள் வீடுகளில் அவை கருவாட்டுத்தூளுக்கும் மிளகாய்த்தூளுக்கும் பத்து வருசம் உழைக்கின்றன. மெசினுக்குள் போனால் முதல் நாளே கோணிப்போகும்.

இவ்வளவும் கழித்தால் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. எவர்சில்வர்ச் சாமான் எல்லாம் போடலாம். சாதாரணக் கண்ணாடிக் கிளாஸ், பொன் வேலை இல்லாத பீங்கான், தேத்தண்ணீர்க் கோப்பை, கரண்டிகள், போத்தல்கள் எல்லாம் போடலாம். காய்ச்சல்காரர் பாவித்த சாமானுக்கு அந்தச் சூடு மிக நல்லது. நினைவுநாளுக்கு அறுபது பேர் சாப்பிட்ட பிறகு நான்கு பெண்கள் நள்ளிரவு வரை கிணற்றடியில் இருந்த காலத்தை நான் மறக்கவில்லை. ஆண்கள் அப்போது முற்றத்தில் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஊருக்கென்று இரண்டு விசயம் உண்டு. ஒன்று மீன். முள், செதிள், நண்டுக்கோது எதுவும் உள்ளே போகக்கூடாது. அடியில் உள்ள வடி அடைத்துக்கொண்டால் அழுக்குத் தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றி, எல்லாக் கிளாசும் மீன் மணக்கும். மீன் கோப்பையை முதலில் பச்சைத்தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீர் பட்டால் மீனின் பசை வெந்து ஒட்டிக்கொள்ளும். வடியை வாரத்தில் ஒரு தரமாவது கழற்றிக் கழுவ வேண்டும்.

மற்றது தண்ணீர். தீவில் பல கிணறுகளின் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டும். அதே படை கிளாசிலும் மெசினின் குழாயிலும் கட்டும். அதற்காகவே சில மெசின்களில் உப்புப் போடும் அறை ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒரு பிசின், தண்ணீரிலுள்ள சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத்தண்ணீர் அந்தப் பிசினைக் கழுவித் திரும்ப வேலைக்கு ஆயத்தமாக்கும். உப்பளம் உள்ள மன்னாருக்கு எங்கள் பிள்ளை கொழும்பிலிருந்து உப்புப் பைக்கற் கொண்டுவந்ததைக் கண்டு அயலெல்லாம் சிரித்தது. ஆனால் அவள் செய்தது சரி. கடலுப்பில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்திருக்கும். எதை எடுக்கப் பிசின் வைத்திருக்கிறதோ அதையே நாங்கள் கொட்டினதாகிவிடும். கடையில் வாங்கும் தூளுப்பும் கட்டிபட்டு அடைக்கும். மெசினுக்கென்றே விற்கிற சுத்த உப்புத்தான் வேண்டும்.

தண்ணீர்க் கணக்கும் பார்த்தேன். புது மெசின் ஒரு தடவைக்குப் பத்து முதல் பதினைந்து லீற்றர் வரை எடுக்கும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுகிறவர்களோடு பார்த்தால் அது குறைவு. அம்மாவைப் போல இரண்டு பேசின் வைத்துக் கழுவி, அந்தத் தண்ணீரையே வாழைக்கு விடுகிறவர்களிடம் மெசின் தோற்றுவிடும். மெசின் தண்ணீர் வாழைக்கு ஆகாது. மின்சாரமும் ஒரு யூனிற் அளவு போகும். ஆகவே நாலு கோப்பைக்கு ஓடவிடாதீர்கள். நிரம்பட்டும்.

கடைசியாக, பிள்ளையோடு நான் முரண்பட்ட ஒரு விசயம். எங்கள் வீட்டுக்குக் கிழமையில் நான்கு நாள் வந்து சட்டிபானை கழுவி, மீன் வெட்டித் தருகிற ஒரு பெண் இருக்கிறா. கணவன் இல்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். மெசின் வந்தபிறகு "அவ இனி வரத் தேவையில்லைத்தானே" என்று பிள்ளை சாதாரணமாகக் கேட்டாள். கனடாவில் அது சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். இங்கே அது ஒரு வீட்டின் அரிசி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. "மெசின் வாங்கினது அம்மம்மாவின் முழங்காலுக்காக என்று சொன்னாய். அப்ப அவவுக்கு முழங்கால் இல்லையோ?" என்று கேட்டேன். பிள்ளை நல்ல பிள்ளை. ஒரு இரவு யோசித்தாள். அடுத்த நாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மெசினை எப்படி அடுக்குவது, எங்கே உப்புப் போடுவது, வடியை எப்படிக் கழற்றுவது என்று தானே காட்டிக் கொடுத்தாள். சம்பளம் பழைய சம்பளமேதான்.

இப்போது எங்கள் குசினியில் எது உள்ளே, எது வெளியே என்று தீர்மானிப்பது அந்தப் பெண்தான். பிள்ளை ரொரன்ரோவிலிருந்து வீடியோவில் கதைக்கும்போது தன் வீட்டுச் சாமானைத் தூக்கிக் காட்டி அவவிடம் கேட்கிறாள். சவர்க்காரத் தண்ணீரில் வெடித்துக் கிடந்த அவவின் விரலிடுக்குகள் இந்த மழைக்காலத்தில் ஆறிவிட்டன. அம்மாவின் சருவச்சட்டியை மட்டும் அவவும் தொடுவதில்லை. அது கிணற்றடிக்கு அம்மாவோடு போய் அம்மாவோடு வருகிறது.