காற்று திரும்பும் வாரம்

புரட்டாசி கடைசி. பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலக் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. நாலைந்து நாள் ஒரே புழுக்கம். இனி ஒரு விடிகாலையில் வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். சென்னைக்குப் பருவம் மாறுவது அப்படித்தான். மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஐப்பசியில் தூங்குமூஞ்சி மரங்கள் பச்சைப்பசேலென்று நிற்கும்.

*

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவிக்க வானிலை ஆய்வு மையம் அவசரப்படாது. தென்மேற்குப் பருவமழை விலக வேண்டும், கீழைக்காற்று கரையில் நிலைக்க வேண்டும், கடலோரம் பரவலாகப் பெய்ய வேண்டும். வழக்கமான தேதி அக்டோபர் 20. எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் அதற்கு முன்பே சைக்கிள் கூடைக்குப் பாலிதீன் கட்டிவிட்டார்.

*

காற்றோடு கடலும் திரும்புகிறது. கோடை முழுக்க வடக்கே ஓடிய கரையோர நீரோட்டம் இப்போது தெற்கே. மணலும் கூடவே போகும். 1870-களில் துறைமுகத்துக்குக் கல்சுவர் எழுப்பியபோது, வடக்கே போன மணல் தென்பக்கம் தேங்கி மெரினா அகன்றது. வடபக்கம் காசிமேடு, ராயபுரம் கரையைக் கடல் அரித்தது. இந்த மாதங்களில் எதிர்த்திசையில் வரும் மணல் கொஞ்சம்தான், கடன் அடைகிற அளவுக்கு இல்லை. மெரினாவில் சுண்டல் தின்கிற நாம் வடசென்னைக்குப் பட்ட கடன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

பேப்பரில் ‘1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’. ஊரில் எத்தனை பேர் அந்தக் கூண்டைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

*

இந்த மழை ராத்திரிக்காரன். இரவில் தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்றும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் கரையோரம் முட்டிக்கொள்வதால், நடுராத்திரியிலிருந்து விடியும்வரை கொட்டும். ஆறு மணிக்கு வீடு வீடாக டிவி முன்னால் பிள்ளைகள்: லீவா, இல்லையா? கலெக்டர் லீவு விட்டதும் பளீரென்று வெயில்.

*

வருஷத்தில் பெய்வது சுமார் 140 சென்டிமீட்டர். பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில், அதிலும் சில நாட்களில். 2015 டிசம்பரில் அடையாறு வீடுகளுக்குள் வந்தது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்கள். சிரிக்க முடியவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுருக்கிவிட்டோம்; தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில் வீடு, அதனால் கார் பாலத்தில்.

*

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது. பல வீடுகளில் அதற்கான தொட்டி தூர்ந்து, மேலே பூந்தொட்டி உட்கார்ந்திருக்கிறது. இன்னும் பத்து நாள் அவகாசம் இருக்கலாம். பூந்தொட்டியை நகர்த்தி மணலை அள்ளுங்கள். அப்படியே மொட்டைமாடிக் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகையும் எடுத்துவிடுங்கள்.