எல்கார்ட்டில் பிறந்த ட்ரொம்போன்

கனடாவில் பல பள்ளிக்கூடங்களில் ஏழாம் வகுப்பு வந்ததும் பிள்ளையின் கையில் ஓர் ஊதுகருவி வந்துவிடும். என் மகள் கேட்டது ஃப்ளூட். கிடைத்தது ட்ரொம்போன். பாண்ட் வகுப்பில் அதை ஊத ஆள் போதவில்லை. ஆசிரியர் அவளைக் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது உனக்குச் சரிவரும் என்று முடிவு செய்துவிட்டார். முதலில் முணுமுணுத்தவள், அடுத்த தவணைக்குள் இதை விடவே மாட்டேன் என்று நின்றாள். ஆனால் பள்ளிக்கூடம் இரவல் தந்த கருவி பல கைகள் பட்டு நொந்துபோனது. நீட்டும்போது குழாய் பாதி வழியில் சிக்கும். பிள்ளை நன்றாக ஊதினாலும் சுரம் தடுக்கி விழும். சொந்தமாக ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்று ஆனது.

பெயர்பெற்ற நிறுவனத்தின் புதுக்கருவி எங்கள் கைக்கு எட்டாத விலை. இணையத்தில் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குப் பளபளவென்று புதிது கிடைக்கிறது. செய்தவர் யார் என்றே தெரியாது. ரொறன்ரோவில் பித்தளைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கேட்டேன். பெயர் தெரியாத புதிதை வாங்கினால் ஒரு உதிரிப்பாகம்கூடக் கிடைக்காது, நானும் கைவைக்க மாட்டேன் என்றார். நல்ல கம்பனி மாணவர்களுக்கென்று செய்த பழைய கருவியைத் தேடு, காசு கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டு என்பது அவர் சொன்ன வழி.

எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவரே காட்டித் தந்தார். வழக்கமான ட்ரொம்போனில் விரலால் அழுத்தும் வால்வு கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று ஓடும் இரட்டைக் குழாய்தான் சுரத்தை மாற்றுகிறது. ஸ்லைடு என்று சொல்லும் அந்தக் குழாய்க்கு ஏழு நிலைகள். நீட்ட நீட்டச் சுரம் அரையரையாக இறங்கும். உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணுக்கே தெரியாது. வெளிக்குழாயில் ஒரு சின்ன நசுங்கல் விழுந்தாலோ, இரண்டு உள்குழாய்களும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் கோணினாலோ கருவி முடங்கிவிடும். ஆகவே விலைக்கு வந்த ட்ரொம்போனில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்லைடைத்தான். நிமிர்த்திப் பிடித்துப் பூட்டைத் திறந்தால் வெளிக்குழாய் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கீழே இன்னொரு கை தயாராக இருக்க வேண்டும். உள்குழாய்களின் குரோம் பூச்சு உரிந்திருக்கக் கூடாது. பெல் என்கிற அகன்ற வாய்ப்பக்கத்தில் சின்னச் சின்ன நசுங்கல் இருந்தால் பரவாயில்லை. அதைத் தட்டி எடுத்துவிடலாம், ஒலியையும் பெரிதாகக் கெடுக்காது. உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகும் குழாயிலும் வளைவுகளிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் யோசிக்க வேண்டும். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய் வெறும் செம்பு மிஞ்சுகிறது என்பதற்கு அது அடையாளம். உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. பூச்சு அடித்து மறைக்கலாம், குணப்படுத்த முடியாது.

இந்தப் பாடத்தோடு தேடியபோது, ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டு நிலவறையில் அகப்பட்டது நான் இங்கே சொல்ல வந்த கருவி. பெல்லில் பாயும் நட்சத்திரச் சித்திர வேலை. அதன் நடுவே கான், டைரக்டர், எல்கார்ட், இண்டியானா என்ற எழுத்துகள். பெல்லும் ஸ்லைடும் சேரும் இடத்தில் 14ஹெச் என்ற மாதிரிக் குறியும் ஒரு தொடர் எண்ணும். அவற்றின் பக்கத்தில், தொழிற்சாலையில் பொறிக்காத இன்னொரு எண். யாரோ ஆணியால் கீறியது போல இருந்தது. விற்றவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவரும் இரண்டாம் கையாக வாங்கியவர்தான். முந்நூறு டொலர் கேட்டார். பழுதுபார்ப்பவர் பார்த்துச் சொல்லும்வரை வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அதன் ஊரைத் தேடப் போனேன்.

கான் நிறுவனத்தின் தொடர் எண்களை ஆண்டுவாரியாகச் சேகரித்து வைத்திருக்கிறார்கள் ஆர்வலர்கள். அந்தப் பட்டியலின்படி இது 1950களின் பிற்பகுதியில் பிறந்தது. என்னைவிட மூத்தது. வருடம் இவ்வளவு சுலபமாகத் தெரிந்த பிறகு, ஏன் எல்கார்ட் என்ற கேள்வி வந்தது. சிகாகோவுக்குக் கிழக்கே, மிஷிகன் எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூர். உலகமெங்கும் பித்தளைக் கருவி அங்கிருந்து போனது எப்படி?

அது ஒரு கிழிந்த உதட்டிலிருந்து தொடங்குகிறது. சார்ல்ஸ் ஜெரார்ட் கான் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர், கார்னெட் என்ற ஊதுகருவி வாசிப்பவர். ஒரு கைகலப்பில் உதடு பிளந்துபோனது. பித்தளை மவுத்பீஸை அந்த உதட்டில் வைத்து அழுத்த முடியவில்லை. விளிம்பில் ரப்பர் பதித்து ஒரு மவுத்பீஸ் செய்தார். 1875இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வாங்க ஆள் வந்ததும், யூஜின் டுபோன் என்ற பிரெஞ்சுக் கைவினைஞரோடு கூட்டுச் சேர்ந்து கார்னெட்டே செய்யத் தொடங்கினார். 1883இல் தொழிற்சாலை எரிந்து சாம்பலானது. 1910இல் இன்னொரு முறை எரிந்தது. இரண்டு முறையும் மீண்டும் கட்டினார். அந்த ஊரின் மேயராகவும், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும், பத்திரிகை முதலாளியாகவும் இருந்தவர். அவரிடம் தொழில் கற்றவர்கள் பிரிந்துபோய் அதே ஊரில் தங்கள் பட்டறைகளைத் திறந்தார்கள். சாக்ஸபோனுக்குப் பேர்போன குஸ் பூஷர் அவர்களில் ஒருவர். எல்கார்ட் பித்தளை ஊர் ஆனது இப்படித்தான். கானுக்கோ கடன் ஏறியது. 1915இல் கார்ல் கிரீன்லீஃப் என்பவரின் குழுவுக்கு நிறுவனத்தை விற்றார். 1931இல் இறந்தபோது கையில் ஏதும் மிஞ்சவில்லை.

என் மகளின் ட்ரொம்போனுக்கு உண்மையான மூதாதை கானை விடக் கிரீன்லீஃப்தான் என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. அவர் காலத்தில் சந்தையே ஆட்டம் கண்டது. முதல் உலகப் போர் முடிந்ததும் இராணுவ பாண்டுகளுக்குத் தேவை குறைந்தது. ஊர்தோறும் இருந்த பாண்டுகளைக் கிராமபோனும் வானொலியும் தின்றன. 1920களின் கடைசியில் பேசும்படம் வந்து, திரையரங்குகளில் வாசித்து வயிறு வளர்த்த கலைஞர்களின் வேலையும் போனது. யாரிடம் விற்பது? பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்கள். 1923இல் சிகாகோவில் முதல் தேசியப் பள்ளி பாண்ட் போட்டி நடந்தது. அதன் செலவை ஏற்றவர்கள் கருவி உற்பத்தியாளர்கள். ஒஹையோ மாநிலத்தின் ஃபொஸ்டோரியா உயர்நிலைப் பள்ளி வென்றது. 1926 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இலினொய் மாநிலத்தின் ஜோலியட் பள்ளி வென்றது. போட்டி என்று வந்ததும் ஊர்களுக்குள் மானப் பிரச்சினையாகிவிட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு பாண்ட் இருந்தால் எங்கள் ஊருக்கும் வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். பாண்ட் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க கான் நிறுவனமே சிகாகோவில் ஒரு பள்ளியும் நடத்தியது.

இதில் வியாபாரக் கணக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்கர்களே அதைக் கேலி செய்திருக்கிறார்கள். 1957இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘த மியூசிக் மேன்’ இசைநாடகத்தின் நாயகன், சிற்றூர்ப் பெற்றோரை மயக்கிப் பிள்ளைகளுக்கு பாண்ட் கருவிகளும் சீருடைகளும் விற்றுவிட்டு ஓடப் பார்க்கும் ஒரு மோசடிக்காரன். ஆனால் அந்தக் கணக்கிலிருந்துதான் ஏழைப் பிள்ளையின் கைக்கும் கருவி வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ட்ரொம்போன் கிடைத்ததற்கும், வட அமெரிக்கப் பள்ளிகளில் பாண்ட் ஒரு பாடமாக வேரூன்றியதற்கும், அந்த வியாபாரிகளின் பதற்றம் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்க அரசு பித்தளையைப் போருக்குத் திருப்பியது. இசைக்கருவி உற்பத்தி நின்றது. கான் தொழிற்சாலை திசைகாட்டிகளும் விமானங்களுக்கான உயரமானிகளும் செய்தது. போர் முடிந்த பிறகு பிறந்த குழந்தைகள் பள்ளிக்கு வந்த காலத்தில்தான் டைரக்டர் என்ற மாணவர் வரிசைக் கருவிகள் அலையலையாக வெளிவந்தன. அந்த வரிசையில் 18ஹெச் என்ற இன்னொரு ட்ரொம்போனும் உண்டு. அதன் பெல்லை மின்சாரத்தின் உதவியால் செம்பைப் படியவைத்து, ஒட்டுத் தையல் இல்லாமல் செய்தார்கள். நான் பார்த்த 14ஹெச் வழக்கமான பித்தளை.

பள்ளிகளுக்காகவே இவற்றைச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு அந்த ஆணிக் கீறலும் விளங்கியது. பள்ளிக்கூடங்கள் தங்கள் கருவிகளில் இருப்பு எண் பொறித்து வைப்பது வழக்கம். எந்தப் பள்ளி என்று அந்த எண் சொல்லவில்லை. ஆனாலும் இது ஒரு மாணவருடைய கருவி அல்ல, வருடத்துக்கு ஒரு மாணவர் என்று கைமாறிய கருவி என்பது தெளிவு. பள்ளிக்கென்று செய்யும் கருவி அடி வாங்கும், கீழே விழும், மழைக்கால அணிவகுப்பில் நனையும். அதைத் தெரிந்தே செய்தார்கள்: சிறு துளை, பிள்ளையின் மூச்சுக்கு ஏற்றது, ஒடிந்தால் கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள், எந்த ஊர்ப் பட்டறையிலும் சீர்செய்யத் தக்க அமைப்பு. பழுதுபார்க்கும் முதியவர் சொன்ன வழிக்கு அடியில் இருந்த வரலாறு இதுதான்.

ஊரின் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. 1969இல் ஒரு பதிப்பக நிறுவனம் கானை வாங்கியது. பித்தளை வேலை டெக்சஸின் அபிலீனுக்கு நகர்ந்தது. எல்கார்ட் என்று பொறித்தது உசத்தி, பிந்தியது மட்டம் என்று சந்தையில் பேச்சு உண்டு. மாணவர் கருவியைப் பொறுத்தவரை அந்தப் பேச்சுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்பவர்கள் பழைய வீடுகளில் இருந்து கழற்றிய ஆச்சாமரத்தைத் தேடி வாங்குவார்கள். அங்கே பழமையே ஒரு தகுதி. பித்தளை அப்படி இல்லை. ஐம்பது வருடம் ஆனதால் ட்ரொம்போனின் நாதம் இனிமையாகிவிடாது. எந்தக் காலத்தில், யாருக்காக, எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் ஊரும் எண்ணும் சொல்லும். இன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

இன்னொரு கேள்வியும் இருந்தது: எஃப் இணைப்பு. பெருவிரலால் ஒரு நெம்புகோலைத் தட்டினால் கூடுதல் குழாய் ஒன்று திறக்கும். பிள்ளைகள் முதலில் பழகும் பி ஃப்ளாட் சுரவரிசையின் இரண்டாவது சுரமே ஆறாம் நிலையில் வருகிறது. சின்னக் கை அங்கே எட்டாது. எஃப் இணைப்பு இருந்தால் ஸ்லைடை நீட்டாமலே அதே சுரத்தை ஊதலாம். ஆனால் கருவியின் எடை முழுவதையும் தாங்குவது இடக்கை. எடை கூடினால் பிள்ளை தோளைச் சரிக்கத் தொடங்கும். விலையும் ஏறும். என் மகளின் கை ஆறாம் நிலையைத் தாண்டி எட்டியது. எனவே எஃப் இணைப்பு இப்போது வேண்டாம் என்று ஆசிரியரும் சொன்னார்.

முதியவர் ஸ்லைடைக் கழற்றி, சமதளமான மேசையில் வைத்து, வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு குழாய் மட்டும் மிக லேசாக விலகியிருந்தது, நிமிர்த்திவிடலாம் என்றார். எச்சில் நீர் வடிக்கும் சாவியின் தக்கை உலர்ந்து போயிருந்தது. இளஞ்சிவப்புப் புள்ளி எங்கும் இல்லை. மகள் ஊதிப் பார்த்தாள், ஆசிரியர் ஊதிப் பார்த்தார். அதன் பிறகு முந்நூறு டொலரைக் கொடுத்தேன். சீர்செய்த கூலியைச் சேர்த்தாலும் புதிதின் விலையை நெருங்கவில்லை.

பிள்ளைக்குப் பழைய ட்ரொம்போன் பார்க்கிற பெற்றோருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கான், கிங், பாக், ஓல்ட்ஸ், யமாஹா போன்ற பெயர்களின் மாணவர் மாதிரிகளைத் தேடுங்கள். தொடர் எண்ணைப் பார்த்து வயதை அறியுங்கள், ஆனால் வயதுக்குக் காசு கொடுக்காதீர்கள். பெல்லின் மினுக்கத்தைப் பார்க்காமல் ஸ்லைடைப் பாருங்கள். மவுத்பீஸ் இறுகிப்போயிருந்தால் குறடு வைத்துத் திருகாதீர்கள். அதற்கென்று தனிக்கருவி பட்டறையில் இருக்கிறது. பழுதுபார்க்கும் ஒருவரும் பிள்ளையின் ஆசிரியரும் பார்த்து, பிள்ளையும் ஊதிப் பார்த்த பிறகே காசு கைமாற வேண்டும். பிள்ளை பாண்டை விட்டு விலகினால் கருவியை மூலையில் போட்டு வைக்காமல் அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைமாற்றி ஊதுவதற்காகவே செய்த கருவி அது.