பச்சை மண்

என் கதாநாயகிகளின் கண்கள் நிறையப் பேசியிருக்கின்றன, கெஞ்சியிருக்கின்றன, கோபித்திருக்கின்றன. ஆனால் கண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே கிடையாது. என் அக்காவால்தான் யோசிக்க நேர்ந்தது.

ஒரு வருஷமாக அவள் பார்வையில் ஒரு முறைப்பு. இமைகள் மேலேறி, விழிகள் முன்னே தள்ளிக்கொண்டு நின்றன. "எதற்கு இப்படி முறைக்கிறாய்?" என்று நான்கூடச் சிடுசிடுத்திருக்கிறேன். ஒற்றைக் குத்துவிளக்கு இரண்டாகத் தெரிகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மாள் விளக்கினார். தைராய்டோடு சேர்ந்து வரும் கோளாறு. 1835-இல் கிரேவ்ஸ் என்ற அயர்லாந்து வைத்தியர் எழுதிவைத்த நோய். உடம்பைக் காக்க வேண்டிய படையே கண்குழிக்குள் புகுந்து, விழியை அசைக்கும் தசைகளை வீங்க வைக்கிறது. சுற்றிலும் எலும்பு, இடம் ஏது? விழிதான் வெளியே பிதுங்குகிறது.

மருந்து உண்டு, ஸ்டீராய்டு. ஆனால் எல்லோருக்கும் கேட்பதில்லை. அழற்சி அடங்காதவரை தசையில் நீர் கோத்திருக்கும். அப்போது மருந்து பிடிக்கும். நாளானால் தசை தழும்பேறி நாராகிவிடும். பிறகு மருந்தால் பெரிய பலனில்லை. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். எம்.ஆர்.ஐ. படத்தில் நீர் கோத்த தசை வெளுத்துத் தெரியும். தழும்பேறியது கறுத்துத் தெரியும்.

"படம் பார்த்து ஜோசியமா?" என்றாள் அக்கா.

"ஜோசியம் இல்லை, அம்மா. பச்சை மண்ணா, சுட்ட மண்ணா என்று பார்க்கிறோம். பச்சை மண் என்றால் நம்பிக்கை அதிகம். நிச்சயம் என்று அப்போதும் சொல்லமாட்டேன்."

உள்ளே போகுமுன் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். அக்கா ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள். கொடியைக் கையில் பொத்திக்கொண்டு, யந்திரம் போட்ட 'டக் டக்' சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வலது கண்ணின் கீழ்த்தசை வெளுத்திருந்தது. இடது கண்ணில் பாதிக்கு மேல் கறுப்பு. வாரம் ஒரு தடவையாக 12 வாரம் நரம்பில் மருந்து ஏறியது, மொத்தம் 4.5 கிராம். வலது கண்ணில் வீக்கம் வடிந்தது. இடது கண் பழையபடிதான். நோய் முழுக்க அடங்கிச் சில மாதம் போனபின், தசையை இடம் மாற்றித் தைக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"விளக்கு இன்னும் இரண்டுதான்டா. ஆனால் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறது," என்கிறாள் அக்கா. போன வருஷத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போதெல்லாம் 'அவள் முறைத்தாள்' என்று எழுத வரும்போது என் பேனா சற்று நின்றுவிடுகிறது.