பெயர் காக்கும் பணி

ஒரகடத்தில் இயங்கும் எங்கள் சிறு பட்டறையின் கணினி மிகப் பழையது. விண்டோஸ் 10, ஆபீஸ் 2016 ஆகிய இரண்டிற்கும் மைக்ரோசாப்ட் வழங்கிய ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. டிபிஎம் 2.0 இன்மையால் விண்டோஸ் 11-க்கும் அது தகுதி பெறவில்லை.

புதியது வாங்குக என்றனர் இளைஞர். நாங்கள் தயங்கினோம். தொழிலாளர் ஊதியப் பதிவேடு பழைய எழுத்துருவில் அமைந்திருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். நாளை பணிக்கொடை கோரி வருவோருக்கு யாது விடை பகர்வோம்?

ஆகவே முதலில் பதிவேட்டை ஒருங்குறிக்கு மாற்றினோம். ஒவ்வொரு பெயரையும் ஊதியச் சீட்டோடு ஒப்புநோக்கித் திருத்தினோம். அதன் பின்னரே புதுக் கணினி வந்தது. பழையதை இணையத்தினின்று துண்டித்து வைத்துள்ளோம்.

மாணவச் செல்வங்களே! தமிழ் பயின்றோர்க்குத் தொழிற்கூடத்திலும் பணியுண்டு. உழைத்தவர் பெயர் பிழையுறாமற் காப்பதே அது.