முன்கட்டை

2017-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் இரவு, அமெரிக்காவில் வசிக்கும் என் நண்பன் ஒரு விநோதமான விண்ணப்பத்தை எழுதியனுப்பியிருந்தான். எங்கள் கல்லூரியின் ஆயுத அறையில் உள்ள பழைய துப்பாக்கிகளில் ஒன்றிலிருந்து, குழலுக்குக் கீழே ஓடும் நீண்ட மரத்தை மட்டும் கழற்றி அனுப்ப முடியுமா என்பதே அது. "வெறும் மரம்தாண்டா. டிரில் ரைபிள்தானே, எவனும் அதை வச்சுச் சுடப்போறதில்ல" என்று முடித்திருந்தான்.

அப்போது நான் தமிழ்த்துறையில் விரிவுரையாளன் என்பதோடு, கல்லூரியின் தேசிய மாணவர் படை அதிகாரியாகவும் இருந்தேன். காம்ப்டியில் பயிற்சி முடித்து வந்து, தொல்காப்பியம் நடத்திய கையோடு சீருடை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிற இரட்டை வாழ்க்கை. ராணுவ வழக்கில் 'கோத்' எனப்படும் ஆயுத அறையின் சாவி என் பொறுப்பில் இருந்தது. முடியாது என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். சட்டத்தையும் சொன்னேன். 1959-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லை வரையறுக்கும்போது ஆயுதத்தின் பாகங்களையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பொதுவாகத் துப்பாக்கியின் நடு உடல் ஒன்றுதான் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி. மரம், திருகாணி, வளையம் எல்லாம் சாதாரணத் தபாலில் பயணம் செய்யும் சாமான்கள். எனவே அவன் கேட்டது அவனுக்குக் கதவுக் கைப்பிடி கேட்பதைப் போல. எனக்கோ வேலை போகிற காரியம். இதை அவன் புரிந்துகொள்ளவில்லை என்று நான் கோபப்பட்டேன். நான் புரிந்துகொள்ளவில்லை என்று அவன். அடுத்த ஐந்து ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சே இல்லை.

ஒரு மரத்துண்டுக்காக ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

நம் ஊரில் 'த்ரீ நாட் த்ரீ' என்றால் தெரியாதவர் இல்லை. அதன் முழுப்பெயர் லீ என்ஃபீல்ட். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் பெயரும், இங்கிலாந்தில் ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயரும் சேர்ந்தது. 1907-இல் ஏற்கப்பட்ட அதன் மூன்றாம் மாதிரி, ஏறத்தாழ நான்கு கிலோ எடை, பத்துக் குண்டுகள். இங்கிலாந்தில் மட்டுமன்றி ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும், ஹூக்ளிக் கரையில் கல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூரிலும் அது உற்பத்தியானது. இரண்டு உலகப் போர்கள் முடிந்தபின் இவை மலைமலையாக மிஞ்சின. 1950களில் வணிகர்கள் அவற்றைக் கப்பல் கப்பலாக வாங்கி அமெரிக்காவில் கொட்டினார்கள். அஞ்சலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டுக்கு வந்த காலம் அது. கென்னடியைக் கொன்ற துப்பாக்கியும் அப்படி அஞ்சலில் வாங்கப்பட்ட இத்தாலியப் போர் உபரிதான். 1968-இல் வந்த சட்டம் அஞ்சல் விற்பனையையும் உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் நிறுத்தியது. 1980களின் நடுவில் பழம்பொருள் என்ற வகையில் கதவு ஓரளவு திறந்து, இன்னும் சில கப்பல்கள் வந்தன. பிறகு அந்த ஊற்றும் வற்றத் தொடங்கியது. கிடங்குகள் காலியாயின; மிச்சத்தை விற்பதற்குப் பதிலாக உருக்கிவிடுவதைச் சில அரசுகள் தேர்ந்தன.

மலிவாகக் கிடைத்த பொருளுக்கு மனிதன் என்ன செய்வானோ அதைத்தான் அங்கிருந்த வேட்டைக்காரர்களும் செய்தார்கள். மான் வேட்டைக்குப் போகிறவனுக்கு முனைவரை மரம் போர்த்திய கனமான ராணுவத் துப்பாக்கி எதற்கு? ரம்பத்தை எடுத்து முன்பாதி மரத்தை அறுத்து எறிந்தான். மேல்மரம், முனைக்கவசம், வளையங்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. அவனுடைய பேரன் காலத்தில் அதே துப்பாக்கி வரலாற்றுப் பொருளாகிவிட, பழைய கோலத்துக்குத் திருப்புவதற்காகத் தாத்தா எறிந்த மரத்தைத் தேடி அலைகிறார்கள். இரும்பு எப்படியாவது அகப்படும். மரம்தான் அரிது. தேவையற்றதென்று கழிக்கப்பட்டவையே இன்று அருமையானவை. முற்காலத் துப்பாக்கியின் இடப்பக்கத்தில், 2,800 கஜம் வரை கூட்டமாகக் குறிவைப்பதற்கென்று ஒரு வட்டத்தகடு இருந்தது. முதல் உலகப் போரின் நடுவில், வேண்டாத வேலை என்று அதை விட்டுவிட்டார்கள். இப்போது அந்தச் சின்னத் தகடு ஒன்று விற்பனைக்கு வந்தால் பெரிய போட்டியே நடக்குமாம்.

இது சேகரிப்பாளர்களின் சங்கடம் மட்டுமல்ல. கனடாவின் வடகோடியில் காவல்பணி செய்யும் ரேஞ்சர்கள் 1947 முதல் இந்தக் குடும்பத்தின் நான்காம் எண் மாதிரியையே சுமந்தார்கள். 2018 வாக்கில் அதை மாற்றத் தொடங்கியபோது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, உதிரிபாகங்கள் கிடைப்பதில்லை என்பது. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடைகொடுத்தது.

இனி, நானும் என் நண்பனும் இதற்குள் வந்த கதை. நாங்கள் இருவரும் காவிரிக்கரைக் கல்லூரி ஒன்றில் 1998-இல் சேர்ந்து படித்தவர்கள், ஒரே படைப்பிரிவு. எங்களுக்குப் பயிற்சியளித்த ஹவில்தார் வேலூர்ப் பக்கத்தவர். உஸ்தாத் என்றுதான் அழைப்போம். கறுத்து மெலிந்த மனிதர். மாணவர்களை ஒருபோதும் ஒருமையில் வைததில்லை. 'தம்பி' என்பதையே வசவைப்போல் உச்சரிக்கத் தெரிந்தவர். துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கும் வகுப்பு அவருடைய தனி ராஜ்யம். புல்த்ரூ கயிறு, சிந்தித் துணி, எண்ணெய்ப் புட்டி ஆகியவற்றைப் பூசைப்பொருட்களைப்போல வரிசையாகப் பரப்புவார். இந்தி, ஆங்கிலப் பெயர்கள் எங்களுக்கு வாயில் நுழையவில்லை என்று அவரே தமிழ்ப் பெயர் சூட்டினார். குழலின் கீழ் மரம் முன்கட்டை. தோளில் பதியும் மரம் அடிக்கட்டை. இன்று எந்தக் கலைச்சொல் அகராதியிலாவது இவை இருக்குமா என்று தெரியவில்லை, இருக்கவேண்டிய சொற்கள்.

அவர் அடிக்கடி சொன்ன எச்சரிக்கை ஒன்று உண்டு: முன்கட்டையைக் கழற்றாமல் அடிக்கட்டைத் திருகாணியைத் தொடாதீர்கள். அடிக்கட்டையை உடலோடு பிணைக்கும் அந்த நீண்ட திருகாணியின் நுனி சதுரமானது. இரும்பைக் கடந்து முன்கட்டையின் பின்முனைக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். அது தானாகச் சுழன்று தளராமலிருக்க அந்த ஏற்பாடு. முன்கட்டை இருக்கும்போதே அதைத் திருகினால் சதுரத்தின் மூலைகள் மரத்தை உள்ளிருந்து பிளந்துவிடும்.

1999 டிசம்பர் முகாமில் என் நண்பனின் துப்பாக்கியில் அடிக்கட்டை ஆடியது. மறுநாள் அணிவகுப்புப் போட்டி. உஸ்தாதிடம் சொன்னால் வேறு துப்பாக்கி தருவார். ஆனால் கைக்குப் பழகியது போய்விடும். இரவு கூடாரத்தில், அடிக்கட்டையின் பித்தளைக் கதவைத் திறந்து, எண்ணெய்ப் புட்டியை எடுத்து, உள்ளிருந்த தோல்வில்லையைக் கம்பியால் இழுத்துப்போட்டு, எங்கிருந்தோ வாங்கிவந்த நீளத் திருப்புளியை நுழைத்தான். டார்ச் பிடித்தவன் நான். எச்சரிக்கை இருவருக்கும் நினைவிருந்தது. கால் சுற்றுதானே என்றான். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல், ஆனால் மிகச் சிறிதாக, ஒரு சத்தம் கேட்டது.

காலையில் உஸ்தாத் விரல் நகத்தால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். பதிவேட்டில் 'பழைய விரிசல்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மூன்று மாதம் கழித்து வந்த ஆய்வில், பழைய விரிசல் என்றால் முந்தைய பதிவேட்டில் ஏன் இல்லை என்று ஓர் அதிகாரி அவரை எங்கள் எதிரிலேயே கேட்டார். விறைப்பாக நின்றபடி, "என் தவறு சார்" என்றார். அந்தக் கோடையிலேயே மாற்றலாகிப் போனார். விரிசலுக்காகத்தானா என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இருபது வயதில் வாய் திறக்காமலிருப்பது எவ்வளவு எளிதாக இருந்தது!

2023 கோடையில் நியூஜெர்சியிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தகவல் எப்படியோ எட்டி, நண்பன் பென்சில்வேனியாவிலிருந்து காரோட்டிக்கொண்டு வந்துவிட்டான். வாசலில் நின்று, "வாடா" என்றான், அது அவனுடைய வீடு என்பதுபோல. ஐந்து வருடம் அந்த ஒரு சொல்லில் கரைந்தது என்று எழுதலாம்தான்; உண்மையில் முதல் ஒரு மணிநேரம் சாலையைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.

அவன் வீட்டு நிலவறையில் மருந்துக்கடை போலச் சிறுசிறு இழுப்பறைகள். திருகாணிகள், வளையங்கள், பித்தளை எண்ணெய்ப் புட்டிகள். போரின் முன்பாதி வரை அடிக்கட்டையில் பதிக்கப்பட்ட, படைப்பிரிவின் பெயர் பொறித்த பித்தளை வட்டங்கள். முதலிலேயே எச்சரித்துவிட்டான்: "இரும்பத் தொடாதே. விசிட்டர் விசால வந்தவன் கையில துப்பாக்கி இருக்கக்கூடாது. மரத்த வேணா தொட்டுக்கோ." அப்படியாக, பத்து வருடம் நாற்பது துப்பாக்கிகளுக்குக் காவலிருந்தவன் அங்கே மரத்தை மட்டும் தடவிக்கொண்டு நின்றேன்.

மேசைமேல் இரண்டு இருந்தன. ஒன்று, இஷாப்பூரில் செய்யப்பட்டு எந்த வழியிலோ பென்சில்வேனியா வேட்டைக்காரன் ஒருவனிடம் வந்து சேர்ந்தது. உடலிலும் குழலிலும் போல்ட்டிலும் ஒரே எண். முன்கட்டை மட்டும் பாதியில் அறுபட்டிருந்தது. மற்றது முழுமையானது. குழலில் ஓர் ஆண்டு, போல்ட்டில் வேறொரு துப்பாக்கியின் எண். முன்கட்டையின் நடுவே மரம் பிளக்காமலிருக்க இந்தியப் பட்டறைகளில் குறுக்கே போட்ட திருகாணி. எங்கள் கல்லூரித் துப்பாக்கிகளிலும் அதே இடத்தில் அதே திருகாணி உண்டு. பார்த்ததும் ஊர்க்காரனைக் கண்டதுபோல் இருந்தது.

"இதைப் பிரிக்கப்போறியா?"

"பிரிச்சாத்தான் அது முழுசாகும்."

"இது முழுசாத்தானே இருக்கு?"

"இது கதம்பம்டா. ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. அது ஒரே எண்."

தமிழாசிரியன் சும்மா இருப்பேனா? உ.வே.சா.வை இழுத்தேன். 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்க ஊர் ஊராக ஏடு தேடியவர், ஒரு பிரதியின் ஏட்டைப் பிடுங்கி இன்னொன்றில் கோக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்து அச்சிட்டார் என்றேன். "அவருக்குப் படியெடுத்தாப் போதும். மரத்தப் படியெடுக்க முடியுமா?" என்றான். முடியும், புதிதாகச் செய்த முன்கட்டையும் ஒன்று வாங்கி வைத்திருந்தான். நல்ல வேலைப்பாடு. "இதுல எண் இல்ல" என்று ஒதுக்கினான். நீ போடப்போகிற மரத்திலும் வேறு எண்தானே இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருக்கும். ஆனா அது யாரோ போட்ட எண்."

எனக்கு இதில் வேறொரு சங்கடமும் இருந்தது, அதையும் சொன்னேன். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாகில் சுட்டவையும் த்ரீ நாட் த்ரீகளே. 1,650 குண்டுகள், அரசுக் கணக்கிலேயே 379 பேர். எண்களைக் காதலிப்பவன் இந்த எண்களை எங்கே வைப்பான்? அவன் கோபப்படவில்லை. பித்தளை வட்டங்களின் இழுப்பறையைத் திறந்து, "எந்தப் படைப்பிரிவுன்னு பார்க்காம நான் ஒண்ணும் வாங்கறதில்ல" என்றான். அது பதிலா இல்லையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரவு முழுத்துப்பாக்கியின் முனைக்கவசத்தையும் வளையத்தையும் கழற்றி, முன்கட்டையை மெதுவாகப் பிரித்து, இஷாப்பூர்த் துப்பாக்கியில் வைத்துப் பார்த்தான். உட்காரவில்லை. உதைப்பை வாங்கும் இரு பக்கத் தளங்களிலும் இரும்பு சமமாகப் பதியவேண்டும்; இங்கே ஒருபக்கம் ஒளி தெரிந்தது. செதுக்கினால் பொருந்தும். ஆனால் செதுக்கிய மரம் அதன் பழைய உடலுக்கும் உதவாது. உளியைக் கையிலெடுத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"உஸ்தாத் துப்பாக்கிக்காகத்தான் இதெல்லாமா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தான். "அதெல்லாம் இல்லடா. நீ எழுதறதுக்குத் தோதாக் கேக்கற." உளியைக் கீழே வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, "அவரு இருக்காரா?" என்றான்.

ஊர் திரும்பியபின் முன்னாள் ராணுவத்தினர் சிலரிடம் விசாரித்தேன். குடியாத்தத்துக்கு அருகே ஒரு கிராமத்தின் பெயர் கிடைத்தது. இருக்கிறார், காது சரியாகக் கேட்பதில்லையாம். செய்தியை நண்பனுக்கு எழுதினேன். டிசம்பரில் வருகிறேன், சேர்ந்து போகலாம் என்று பதில் வந்தது. இரண்டு டிசம்பர்கள் போய்விட்டன. அந்த முன்கட்டை இன்னமும் இரண்டு துப்பாக்கிகளுக்கும் நடுவே மேசைமேல்தான் கிடக்கிறதாம். வருகிற மே விடுமுறையில் நான் மட்டுமாவது போய்வரலாம் என்றிருக்கிறேன். காது கேளாதவரிடம் இதை உரக்கச் சொல்லவேண்டியிருக்கும்.