புல்லின் வேகத்தை அளக்கும் கோல்

நுகேகொடைக்கு எங்கள் பெண்கள் அதிகமாகப் போவது சந்தைக்கும் துணிக்கடைகளுக்கும்தான். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் கிருலப்பனைப் பக்கமாகப் பஸ்ஸில் போய் வந்துவிடுவார்கள். ஆனால் கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் ஒரு நாளைக்கு நுகேகொடைப் புகையிரத நிலையத்தில் மருதானைக்கு டிக்கெட் எடுத்துப் பாருங்கள். இது களனிவெளிப் பாதை. அவிசாவளைப் பக்கமிருந்து வரும் ரயில் நுகேகொடை, கிருலப்பனை, நாரஹேன்பிட்ட என்று நெருக்கமான வீடுகளின் பின்புறமாகவே வரும். உடுப்புக் காயும் கொடிகளும் குசினி யன்னல்களும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்.

நாரஹேன்பிட்டவைத் தாண்டிக் கொட்டா வீதி நிலையத்துக்குப் போகும் வழியில் திடீரென்று இரண்டு பக்கமும் வெளியாகிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளியும் பெரிய மரங்களுமாக இருக்கும். இது கொழும்பு றோயல் கோல்ப் கழகத்தின் திடல். ரயில் பாதை அதன் நடுவாலேயே போகிறது. ரயில் கடந்து போகும்வரை விளையாடுகிறவர்கள் கோலுடன் நின்று காத்திருப்பார்கள். தனியார் கழகமானபடியால் எங்களைப் போன்றவர்கள் நினைத்தபடி உள்ளே போக முடியாது. யன்னல் ஓரத்தில் இருந்தபடி அரை நிமிடம் பார்க்கலாம். அந்த அரை நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

காலிமுகத்திடலில் இருந்து பொரளைக்கு

இந்தக் கழகம் 1879இல் தொடங்கியது. அப்போது விளையாடிய இடம் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காற்று வாங்கப் போகும் காலிமுகத்திடல். அந்தத் திடலுக்கு அதற்கு முன்னமே ஒரு கதை உண்டு. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அங்கே உலாவும் பாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பின்வருகிறவர்கள் பேண வேண்டும் என்று கேட்கும் கல்வெட்டு ஒன்றும் அங்கே இருக்கிறது. அடுத்த முறை இறால் வடை வாங்கும்போது அதையும் தேடிப் பாருங்கள்.

1896இல் கோல்ப் ஆட்டம் பொரளைப் பக்கம் இடம் மாறியது. அந்த ஆண்டு பதவியேற்ற தேசாதிபதி சேர் வெஸ்ட் றிட்ஜ்வேயின் பெயரே புதிய திடலுக்கு வைக்கப்பட்டது. 1928இல் ‘றோயல்’ என்ற பட்டம் கிடைத்தது.

புல்லுக்கும் வேகமா?

கோல்ப் விளையாட்டில் சிறிய வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, தூரத்தில் உள்ள குழிக்குள் விழுத்த வேண்டும். பந்தின் நிறை ஏறக்குறைய 46 கிராம். குழியின் அகலம் 108 மில்லிமீற்றர், ஒரு தேநீர்க் கோப்பையின் வாயை விடச் சற்றுப் பெரிது. குழியைச் சுற்றி மிகவும் கட்டையாகப் புல் வெட்டிய ஒரு திட்டு இருக்கும். அதைக் ‘கிறீன்’ என்பார்கள். ரயிலில் இருந்து பார்க்கும்போது கொடிக்கம்பு நட்ட, ஒப்பரவான பச்சைத் திட்டு தெரிந்தால் அதுதான்.

கிறீனில் பந்தைத் தூக்கி அடிப்பதில்லை. மெதுவாகத் தட்டி உருட்டுவார்கள். எவ்வளவு மெதுவாக என்பதுதான் கேள்வி. புல் கட்டையாகவும் தரை இறுக்கமாகவும் இருந்தால் சிறு தட்டுக்கே பந்து ஓடிவிடும். அதை வேகமான கிறீன் என்கிறார்கள். புல் உயர்ந்தும் ஈரமாகவும் இருந்தால் அதே தட்டுக்குப் பந்து பாதியில் நின்றுவிடும். அது மெதுவான கிறீன். ஓடுவது பந்துதான், வேகம் என்னவோ தரையின் பெயரில் எழுதப்படுகிறது.

வேகமான கிறீனில் சரிவும் கூடுதலாகத் தன் வேலையைக் காட்டும். மெல்லத் தட்டிய பந்து நின்று நிதானித்து ஓடுவதால், சரிவு அதைப் பக்கத்துக்கு இழுக்க நேரம் கிடைக்கிறது.

ஒரு மரக்கோலின் கதை

1935இல் அமெரிக்காவின் ஓக்மொன்ற் என்ற திடலில் பெரிய போட்டி ஒன்று நடந்தது. அக்காலத்தின் சிறந்த வீரர்களில் ஒருவரான ஜீன் சராசென் தட்டிய பந்து குழியைத் தாண்டி, கிறீனையும் தாண்டி, மணல் பள்ளத்துக்குள் போய் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் ஸ்டிம்சன் என்பவருக்கு, இந்தத் தரை அளவுக்கு மீறி வேகமாக இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியதைச் சொன்னால் யார் ஏற்பார்கள்? வென்றவர் நல்லது என்பார், தோற்றவர் கூடாது என்பார். ஆகவே யாருடைய கையும் படாமல் பந்தை ஒரே மாதிரி உருட்டிவிட ஒரு மரக்கோலைச் செய்தார்.

நாற்பது வருடங்களாக அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1976இல் அமெரிக்கக் கோல்ப் சங்கத்தின் பொறியியலாளர் பிராங் தோமஸ் அதை அலுமினியத்தில் திருத்திச் செய்தார். 1978 முதல் திடல்களைப் பராமரிக்கிறவர்களுக்கு அது கொடுக்கப்பட்டது. கண்டுபிடித்தவரின் பெயரால் ‘ஸ்டிம்ப்மீற்றர்’ என்று அழைக்கப்படுகிறது. மின்சாரமோ பற்றரியோ இல்லாத வெறும் கோல் அது.

அளக்கும் முறை

கோலின் நீளம் 36 அங்குலம். நடுவில் ‘வி’ வடிவில் ஒரு வாய்க்கால் ஓடும். ஒரு நுனியில் இருந்து 30 அங்குலத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. பந்தை அதில் வைத்துக் கோலின் அந்த முனையை மெதுவாக உயர்த்துவார்கள். ஏறக்குறைய 20 பாகைச் சாய்வு வந்ததும் பந்து தானாகவே கழன்று உருளும். யார் உயர்த்தினாலும், அவர் பலசாலியானாலும் மெலிந்தவரானாலும், பந்து தரையைத் தொடும்போது ஒரே வேகம்தான், செக்கனுக்கு 6 அடி அளவு.

சமமான ஓர் இடத்தைத் தெரிந்து மூன்று பந்துகளை ஒன்றன் பின் ஒன்றாக உருட்டுவார்கள். மூன்றும் 8 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். அப்படி நிற்காவிட்டால் திரும்பச் செய்ய வேண்டும். பின்னர் பந்துகள் நின்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து வந்த பக்கமாகவே மூன்றையும் திரும்ப உருட்டுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் சராசரி பார்த்து, அடியில் சொல்வதுதான் கிறீனின் வேகம்.

ஏன் இரண்டு பக்கம்? கண்ணுக்குத் தெரியாத சரிவு எந்த நிலத்திலும் இருக்கும். இறக்கத்தில் மட்டும் அளந்தால் வேகம் பொய்யாகக் கூடும். ஏற்றத்தில் மட்டும் அளந்தால் பொய்யாகக் குறையும். சரிவு அதிகமான இடத்தில் சாதாரண சராசரியும் போதாது. இறக்கத்தில் 12 அடியும் ஏற்றத்தில் 6 அடியும் ஓடினால் நாங்கள் 9 என்று சொல்லிவிடுவோம். அது சரியல்ல. இரண்டையும் பெருக்கி, அதை இரட்டித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் பிரிக்க வேண்டும். 144ஐ 18ஆல் பிரித்தால் 8 அடி. சமதரையில் பந்து ஓடக்கூடிய உண்மையான தூரம் அதுதான்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அளந்தபோது சாதாரண கிறீன்களின் வேகம் ஆறரை அடி அளவில் இருந்தது. இன்று பெரிய போட்டிகளில் 12, 13 அடி வரை போகிறது.

கண்ணால் அறிவது

ஆடுகிறவர்கள் கோலைக் கொண்டு திரிவதில்லை. அவர்கள் கண்ணாலும் காலாலும் தரையை அறிகிறார்கள். பனி காயாத காலையில் பந்து மெதுவாக ஓடும். வெட்டி உருளை போட்ட பின்னர் விரைந்து ஓடும். பகல் முழுதும் புல் வளர்வதால் மாலையில் மறுபடியும் மெதுவாகலாம். காலையில் இருந்த தரை மாலையில் இல்லை.

வெப்ப நாட்டுக் கிறீன்களில் பரவலாக வளர்க்கும் பெர்முடாப் புல் எங்களுக்குப் புதியதல்ல. அது அறுகம்புல் இனம். பிள்ளையாருக்குச் சாத்துகிற, முற்றத்தில் பிடுங்கப் பிடுங்க முளைக்கிற அதே அறுகோடு உறவுடைய மெல்லிய வகைகள்தான் அவை. அறுகு படர்ந்து ஒரு பக்கமாகச் சாயும் குணம் உள்ளது. சாய்ந்த பக்கமாக உருட்டினால் பந்து விரையும், எதிர்த்து உருட்டினால் தடைப்படும்.

இதைக் கண்டுபிடிப்பது எங்கள் தையல் சகோதரிகளுக்கு மிக இலகு. வெல்வெற் துணியை ஒரு பக்கமாகத் தடவினால் மினுங்கும், மற்றப் பக்கமாகத் தடவினால் கறுக்கும். அதனால்தான் எல்லாத் துண்டுகளையும் ஒரே போக்கில் வைத்து வெட்டுகிறோம். புல்லும் அப்படித்தான். நம்மை விட்டு அப்பால் சாய்ந்த புல் வெளிறி மினுங்கும். நம்மை நோக்கிச் சாய்ந்த புல் கரும்பச்சையாகத் தெரியும்.

வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. வேகம் வேண்டுமென்று புல்லை 3 மில்லிமீற்றர் அளவுக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். அதற்கும் கீழே போனால் இலை குறைந்து வேர் மெலியும். வெயிலையும் நோயையும் தாங்காது. ஆகவே நல்ல பராமரிப்பாளர் எங்கள் வேகம் உங்கள் வேகத்தை விடப் பெரிது என்று போட்டி போட மாட்டார். ஒரு திடலில் உள்ள 18 கிறீன்களும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவே அந்தக் கோல் கொடுக்கப்பட்டது.

பிள்ளைகளுடன் செய்து பார்க்க

கொப்பி மட்டை ஒன்றை நீளவாட்டில் மடித்து ‘வி’ போல விரியுங்கள். ஒரு முனைக்குக் கீழே இரண்டு நெருப்புப் பெட்டிகளை வையுங்கள். மேல் முனையில் அடையாளம் இட்டு, அங்கிருந்து ஒரு போளையைத் தள்ளாமல் கையை மட்டும் எடுத்து விடுங்கள். சீமெந்துத் தரை, பாய், மண் முற்றம் என்று மூன்று இடங்களில் மும்மூன்று தரம் விட்டு, தையல் நாடாவால் அளந்து எழுதுங்கள். பின்னர் எதிர்ப்பக்கம் நின்று அதே வேலையைச் செய்யுங்கள். சமம் என்று நாங்கள் நினைத்திருந்த வீட்டுத் தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குச் சராசரி பார்க்கவும் வரும்.

எந்தப் பக்கம் நின்று அளந்தார்கள்?

இது பணக்காரர் விளையாட்டு, எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சில சகோதரிகள் கேட்கலாம். எங்களையும் அளந்திருக்கிறார்களே! இடம்பெயர்ந்த காலத்திலும் 2009க்குப் பின்னரும் எத்தனை படிவங்கள், எத்தனை கணக்கெடுப்புகள்! யாரோ ஒருவர் ஒரு தரம் வந்து, படலையில் நின்றபடி பார்த்து, கூரைத் தகரம் இருக்கிறது, மகன் வளர்ந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டு போனால் அதுவே எங்கள் நிலையாகிவிடுகிறது. அந்தத் தகரம் கடனுக்கு வாங்கியதென்றோ, மகனுக்குக் காலில் காயம் என்றோ எழுத அதில் இடம் இருப்பதில்லை. இறக்கத்தில் மட்டும் உருட்டிய பந்தின் கணக்கு அது.

ஒரு துண்டுப் புல்லை அளக்கவே ஆறு தரம் உருட்டவும் இரண்டு பக்கமும் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. ஒரு குடும்பத்தை அளக்க அதை விடக் குறைந்த கவனம் போதுமா? ஆகவே வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவர்களிடம் தயங்காமல் கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள். திகதியிட்ட பிரதி ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிழை என்று கண்டால் மறுபடி பார்க்கும்படி எழுத்தில் விண்ணப்பியுங்கள். அயல்வீட்டுப் பெண்ணை நாங்கள் எடைபோடும்போதும் இதே முறைதான். அவளுடைய பக்கத்திலும் ஒரு தரம் போய் நின்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.