வெள்ளிமலைக்குப் போன சிப்ஸ் பாக்கெட்!

"மலை மேல காத்து கம்மியாமே... எனக்கு மூச்சு முட்டுமே கண்ணு!"

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஆயா தயங்கி நின்றார். வீசிங் தொந்தரவு உள்ளவர். டாக்டரிடம் கேட்டாயிற்று, இன்ஹேலரும் பையில் இருக்கிறது. பயம் மட்டும் போகவில்லை.

கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி, கல்வராயன் மலையில் பஸ் ஏற ஏற காது அடைத்தது. "எச்சிலை முழுங்குங்க ஆயா" என்றேன். சரியானது. ஆனால், மடியிலிருந்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தது. "இதுக்குள்ள யாரு காத்து அடிச்சது?" என்றார்.

யாரும் அடிக்கவில்லை. உள்ளே இருப்பது அதே காற்றுதான். உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், அது விரிகிறது. அழுத்தம் குறைந்தால் கொள்ளளவு கூடும். கொள்ளளவு கூடினால் அழுத்தம் குறையும். ராபர்ட் பாயில் 1662-ல் சொன்ன விதி இது.

நம் மூச்சும் இதே கணக்குதான். காற்றை நாம் இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அதற்கு இடம்தான் செய்து கொடுக்கிறோம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் கீழிறங்க, விலா எலும்புகள் உயர, நுரையீரல் விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. எவ்வளவு? கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். அதில் வெறும் 1 மி.மீ. அளவு குறைந்தாலே, சுமார் அரை லிட்டர் காற்று தானாக உள்ளே வந்துவிடும். தசைகள் தளர்ந்ததும் நுரையீரல் சுருங்கி, அழுத்தம் கூடி, காற்று வெளியேறும்.

சரி, ஆயாவின் பயம்? கல்வராயன் மலையின் உயரம் சுமார் 2,000 முதல் 3,000 அடி. 3,000 அடியில்கூட காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 10 சதவிகிதம்தான் குறைவு. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவிகிதம். உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறு பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான். வீசிங் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது குளிர்காற்றை. அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். மஃப்ளரும் மருந்தும் கையோடு இருக்கட்டும்.

வெள்ளிமலையில் இறங்கியதும் ஆயா நிதானமாக மூச்சு விட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சூடாக டீ குடித்தோம். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்து, மூடியை இறுக்கித் திருகிப் பையில் போட்டார்.

சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் எடுத்துப் பார்த்தால், காலி பாட்டில் நசுங்கிக் கிடந்தது.

"போகும்போது பாக்கெட் உப்புச்சு, வரும்போது பாட்டில் ஒடுங்குச்சு. என் நெஞ்சு ரெண்டையும் நாள் முழுக்க செய்யுது... அவ்வளவுதானே கண்ணு?" என்றார் ஆயா.

அவ்வளவேதான்!